எடுகூற்று

சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தை,
சாப்பாட்டுக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
வெண்பலகையில் எழுதுகிறேன்:
எல்லா மனிதரும் இறப்பவர்.
கீழே கொத்துத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டது.
இருபத்தாறு வருடமாய் இதே எடுகூற்று,
ஒருநாளும் பொய்த்ததில்லை.

கடைசி வாங்கில் அனோஜிதன்.
உயிரியலில் இரண்டுதரம் தவறி
அளவையியலுக்கு வந்து சேர்ந்தவன்.
கையை உயர்த்தாமலே கேட்டான்:
"மிஸ், முதலாவது மனிசன்ர அம்மா
மனிசியா, இல்லையா?"

வகுப்பு சிரித்தது.
நான் சிரிக்கவில்லை.
ஒன்று அ, அல்லது அ அல்ல.
நடுவை விலக்கிவிட்டோம், அங்கே நிற்க இடமில்லை.
இதைப் போன கிழமைதான் படிப்பித்திருந்தேன்.
மனிசி என்றால் அவன் முதலாவதல்ல.
இல்லை என்றால்,
தன் சாயலில் இல்லாத ஒன்றுக்கு
எந்தத் தாய் பால் கொடுத்தாள்?

"அடுத்த கிழமை" என்றேன்.
அதுவும் ஒரு போலிதான்,
பாடத்திட்டத்தில் பெயர் வைக்காத போலி.

வாய்க்கால் பாலத்தில் நின்றேன்.
வெள்ளவத்தை எந்த இடத்தில் பம்பலப்பிட்டி ஆகிறது?
இதுதான் எல்லை என்கிறது மாநகரசபை.
கண்டக்டரைக் கேட்டால்
காசு கூடுகிற இடம் என்பான்.
கபரகொய்யா ஒன்று
இந்தக் கரையில் இறங்கி
அந்தக் கரையில் ஏறியது.
ஷொப்பிங் பையொன்று வாலில் சுற்றியிருந்தது.
நாக்கை நீட்டிக் காற்றை விசாரித்தது.
சேற்றில் பதிந்த கையை எண்ணிப் பார்த்தேன்.
ஐந்து விரல்.
குடைக்காம்பைப் பிடித்திருந்ததும் ஐந்து.

அன்றிரவு
அவன் மேசையில் விட்டுப்போன உயிரியல் கொப்பியைத் திறந்தேன்.
நான் பரிணாமம் என்று வாசித்துப் பழகியது
இவர்களுக்குக் கூர்ப்பு.
கத்தி தீட்டுகிறாற்போல ஒரு சொல்.
அதற்குக் கீழே, சிவப்புப் பேனாவில்,
வருணம்
குடும்பம்
சாதி
இனம்.
யாரோ ஒருவர்
எப்போதோ ஒரு கந்தோரில், காற்றாடிக்குக் கீழே இருந்து
உலகத்து உயிர்களுக்கெல்லாம்
தமிழில் பெயர் தேடியிருக்கிறார்.
கைக்கு முதலில் அகப்பட்டவை இவை.
வண்ணத்துப்பூச்சிக்கும் சாதி.
வாய்க்கால் மீனுக்கும் வருணம்.

இனம்.
அந்தச் சொல்லை
அதே பாலத்தில் முன்னொருநாள் சந்தித்திருக்கிறேன்.
இரண்டாயிரத்து ஏழு, மழை விட்ட இரவு.
டோர்ச் வெளிச்சத்தில் ஒரு படிவம்:
பெயர், முகவரி, இனம்.
மூன்று எழுத்தில் நிரப்பினேன்.
அனோஜிதனின் வயதுதான் இருக்கும் அந்தப் பொடியனுக்கு.
அடையாள அட்டையையும் முகத்தையும்
மாறி மாறிப் பார்த்தான்,
வரைவிலக்கணம் பொருந்துகிறதா என்று.
எடுகூற்று இரண்டும் அவன் கையில் இருந்தன.
முடிவு நான்,
விடியும்வரை, பொலிஸ் நிலைய வாங்கில்.

மாறாத சாரம் என்று ஒன்று உண்டு என
எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
குதிரைக்குக் குதிரைத்தன்மை.
மனிதனுக்கு ஆறாவது அறிவு.
எலும்பைக் கேட்டால்
அது வேறு கதை சொல்கிறது:
எல்லாம் வழியில் நிற்கிறவை,
எதுவும் வந்து சேர்ந்ததில்லை.
இதைத் தெரிந்துகொள்ள
அந்த இரவில் எனக்கு எலும்பு தேவைப்படவில்லை.
என்னைக் காவல் காத்தவளுக்குக் குளிர்காய்ச்சல்.
என் சால்வையைத்தான் போர்த்தியிருந்தாள்.

அடுத்த சனி.
"அவவும் மனிசிதான்" என்றேன்.
"அவவின்ர அம்மாவும். அவவின்ர அம்மாவும்.
எந்த இடத்தில் நிப்பாட்டிக் கேட்டாலும்
பிள்ளை தாயைப் போலத்தான்.
ஆனால் வெகுதூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்,
அங்கே நிற்பது நீயில்லை."
"அப்ப முதலாவது மனிசன்?"
"அப்படி ஒருத்தன் பிறக்கேல்லை.
ஆனாலும் நாங்கள் இருக்கிறம்."

அவன் பேனாவைத் திறந்தான், மூடினான்.
"சோதனைக்கு என்ன எழுதுறது, மிஸ்?"
"ஒன்று அ, அல்லது அ அல்ல.
முழுப் புள்ளியும் கிடைக்கும்."

எல்லோரும் போனபின் பலகையைத் துடைத்தேன்.
துணி நடுவால் ஒரு இழுவை இழுத்தது.
எல்லா
             இறப்பவர்.
இலக்கணம் கொஞ்சம் பிழை.
மற்றப்படி
திருத்த ஒன்றுமில்லை என்று தோன்றியது.
லைற்றை அணைத்துவிட்டு இறங்கினேன்.